நாலு சக்கரத்துக்கும் பிரேக்

என் பழைய அமெரிக்கக் காரை ஓட்ட ஓர் ஆள் போதும். நிறுத்தத்தான் ஊரே வேண்டும். தூத்துக்குடி கடைத்தெருவுக்குள் நான் திரும்பினாலே மாட்டுவண்டிக்காரர்கள் ஓரம் கட்டுவார்கள். கடைக்காரர்கள் வாசலில் வைத்த சாக்கை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் பிரேக். அதுவும் கால்மிதியிலிருந்து நீளக் கம்பிகள் ஓடி, கம்பி இழுத்தால் பட்டை பிடிக்கிற பழைய ஏற்பாடு. உப்புக் காற்றில் மூட்டுக்கு மூட்டு துரு. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சும்மா இருக்கும். வண்டி கோணிக்கொண்டு போகும். காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் வாடிக்கையாக என் வண்டியில் வருவார். தம் வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போதே, "இப்பவே மிதிக்க ஆரம்பிங்க, அப்பத்தான் நம்ம வாசல்ல நிக்கும்" என்பார். நான் கோபக்காரன். வெடுக்கென்று எதையாவது சொல்லிவிடுவேன். ஆனாலும் அவர் சொன்ன இடத்திலிருந்தே மிதிக்க ஆரம்பிப்பேன்.

எங்கள் குடும்பம் தோணிக் குடும்பம். அந்த நாளில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை, ஆழம் போதாது. வெகுதூரத்தில் கடலுக்குள் நிற்கும். பஞ்சுப் பொதியும் உப்பும் தோணியில்தான் போய்ச் சேர வேண்டும். என் அண்ணன்மார் மூவரும் அதில்தான் பிழைத்தார்கள். எனக்கோ தோணியில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். கடற்கரையில் பிறந்துவிட்டுக் கடலைக் கண்டு வாந்தி எடுக்கிறவனை ஊர் சும்மா விடுமா? அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் கார் வாங்கி டாக்சி ஓட்டினேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரி எரித்து வாயு எடுக்கிற அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டினேன். மூக்கும் முகமும் கறுத்துப்போயின, ஆனால் வண்டியை விடவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருடம் அந்த வண்டிக்கு எமன் வந்தான். எமன் என்றால் பிரேக் இன்ஸ்பெக்டர். மோட்டார் வண்டிகளைச் சோதிக்கிற அதிகாரிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் தூரத்திலேயே பார்த்தேன், மிதித்தேன், கைப்பிரேக்கையும் இழுத்தேன். வண்டி நிதானமாக ஊர்ந்துபோய்க் கேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். ரயில் போய்க் கேட் திறந்ததும் என்னிடம் வந்தார். கோபப்படக்கூட இல்லை.

"ஒரு மாசம் டயம் தாரேன். மைதானத்துக்குக் கொண்டுவந்து நான் கோடு போட்ட இடத்துல நிறுத்திக் காட்டணும். இல்லைன்னா வண்டியை உடைச்சு இரும்புக்குப் போட்டிரு."

வேம்பார்ப் பாதையில் இரண்டு பழைய பஸ் விட்டுக்கொண்டிருந்த முதலாளிக்கும் அதே வாரம் அதே நோட்டீஸ் போயிற்று. அவர்தான் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த, வண்டி பழுதுபார்க்கிற பிட்டர் ஒருவனைப் பற்றி எனக்குச் சொன்னார். பட்டாளத்து லாரிகளுக்கெல்லாம் எண்ணெய் பிரேக்காம், நாலு சக்கரத்துக்கும் பிடிக்குமாம், இவன் அதைப் பழைய வண்டிக்கும் மாற்றித் தருவேன் என்கிறானாம்.

"முதல்ல உம்ம வண்டி நிக்கட்டும் வே. நின்னுட்டுன்னா என் ரெண்டு பஸ்ஸையும் அவன்கிட்டயே விடுதேன்" என்றார். ஆழம் பார்க்க அடுத்தவன் காலை விடுகிற ஆள் அவர்.

ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், பட்டாளத்துத் தார்ப்பாயைக் கூரையாக இழுத்துக் கட்டிய கொட்டகைதான் அவனுடைய ஒர்க் ஷாப். பனங்காட்டுப் பக்கத்துப் பையன். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. என் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. தூங்கிவிட்டானோ என்று காலைத் தட்டினேன்.

"முடியும் அண்ணாச்சி," என்று அடியிலிருந்தே சொன்னான். "ஆனா ஒண்ணு. இந்த ஊர்ல எனக்கு இதுதான் முதல் வேலை. இன்னைக்கு வரை யாரும் நம்பி ஒரு போல்ட்டைக்கூடக் கொடுக்கல. உங்க வண்டி நின்னு, முதலாளி பஸ்ஸும் வந்துட்டுன்னா நான் இங்கனயே இருந்துருவேன். இல்லைன்னா கொழும்புல ஒரு கம்பெனியில கூப்பிடுதாங்க, போகணும். பட்டாளத்துல ஆறு வருசம் போச்சு. கல்யாணம் பண்ணி அவகூட மொத்தமா நாப்பது நாளுதான் இருந்திருக்கேன்."

நாற்பது என்பதை அவன் எண்ணி வைத்துச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

அவன் வேலை செய்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால் என் ஆயுளில் ஒரு நல்ல காட்சியை இழந்திருப்பேன். நான் கண்ட மெக்கானிக்குகளெல்லாம் முதலில் சுத்தியலை எடுப்பவர்கள். அடித்துப் பார், வராவிட்டால் திட்டிப் பார், மறுபடி அடி என்பதுதான் அவர்கள் சாஸ்திரம். இவன் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைத் தரையில் விரித்து, கழற்றிய சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே அதில் வைத்தான். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன லாரி ஒன்று டிஸ்போசல் ஏலத்தில் உடைத்து விற்கப்பட்டிருந்தது. அதிலிருந்து நாலு சக்கரத்துப் பிரேக் தகடுகள், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்கள், அவற்றை உள்ளிருந்து பிடிக்கிற பட்டைகள், மிதிக்குக் கீழே வைக்கிற பெரிய சிலிண்டர் எல்லாம் வாங்கி வந்தான். டிரம் என் வண்டிச் சக்கரத்துக்குப் பொருந்தவில்லை. லேத்துப் பட்டறையில் உட்கார்ந்து, மயிரிழை மயிரிழையாகக் கடைந்து, நாலு நாள் போய் வந்து பொருத்தினான். சிலிண்டருக்குள் போகிற ரப்பர் மூடிகளைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கைகழுவினான். கோயிலுக்குப் போகிறவன்கூட இவ்வளவு கழுவ மாட்டான் என்று கேலி செய்தேன்.

"கையில மண்ணெண்ணெய் பட்டிருந்தா ரப்பர் ஊதிரும் அண்ணாச்சி" என்றான், சிரித்துக்கொண்டே.

"எண்ணெயை நம்பியாலே வண்டியை நிறுத்தப் போற?"

"ஆமா. கம்பி நீளும், துருப்பிடிக்கும், ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் இழுக்காது. எண்ணெயை அமுக்கினா நசுங்காதுல்லா? மிதியில நீங்க கொடுக்கிய அமுக்கு குழாய் வழியா நாலு சக்கரத்துக்கும் ஒண்ணுபோலப் போய்ச் சேரும். ஓரவஞ்சனை கிடையாது."

பட்டாளத்துப் பிரேக் எண்ணெய் ஒரு டின்தான் கிடைத்தது, அதிலும் பாதி. மீதிக்கு விளக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்தால் போதும், யுத்தத்தில் பாலைவனத்தில் இருந்தபோது அப்படித்தான் சமாளித்தோம் என்றான். ஸ்பிரிட்டுக்காக ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் நான் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "குடிக்கிறதுக்கா?" என்றார். வண்டிக்கு என்றேன். "எல்லாரும் வேற எதுக்காவதுன்னுதான் சொல்லுதாங்க" என்று முனகிக்கொண்டே கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் காரியம் பெரிதா வீரியம் பெரிதா?

குழாயிலிருந்து காற்றை எடுத்த நாளை நான் மறக்கவே மாட்டேன். எண்ணெயோடு துளிக் காற்று இருந்தாலும் மிதி பஞ்சாக அமுங்குமாம். நான் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், அவன் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். "அமுக்குங்க... பிடிங்க... விடுங்க." காலையில் தொடங்கி உச்சிப் பொழுது வரை அதே மூன்று சொற்கள். என் கால் மரத்துப்போயிற்று. அவன் குரல் முதல் தடவை எப்படி இருந்ததோ கடைசித் தடவையும் அப்படியே இருந்தது. கண்ணாடிப் புட்டியில் கொப்புளம் வருவது நின்றபின்னும் இன்னும் பத்துத் தடவை செய்யச் சொன்னான். பிறகு மிதித்தேன். தரையை மிதித்தது போல இருந்தது! சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கி அறைந்தேன்.

சனிக்கிழமை மாலை வண்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். திங்கட்கிழமை முதலாளியை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்த எனக்குக் கை சும்மா இருக்கவில்லை.

எங்கள் கடற்கரையில் ஒரு பழக்கம் உண்டு. புதுத் தோணி தண்ணீரில் இறங்குமுன் பலகை, ஆணி, நங்கூரம், கயிறு என்று ஒன்று பாக்கி இல்லாமல் சுறா எண்ணெய் தேய்ப்போம். உப்புக் காற்றுக்கு அது ஒன்றுதான் மருந்து. எண்ணெய் காணாத இரும்பை வெளியில் விடுவது எங்கள் வீட்டில் பாவம் செய்த மாதிரி. கடைந்து பளபளவென்று இருந்த அந்த டிரம்கள் ஒரு ராத்திரி முழுக்க உப்புக் காற்றில் நின்றுவிட்டனவே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே எண்ணெய் ஓடித்தானே வண்டியை நிறுத்துகிறது, வெளியே கொஞ்சம் எண்ணெய் எதைக் கெடுத்துவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். குசினிக்குப் பின்னால் சாடியில் இருந்த சுறா எண்ணெயை எடுத்து வந்தேன். சக்கரங்களைக் கழற்றி, டிரம்களை உருவி, உட்புறமெல்லாம் வழிய வழியத் தேய்த்தேன். பட்டைகளையும் விடவில்லை. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?" என்றாள்.

"ஏளா, உப்புக் காத்தைப் பத்தி எனக்குப் பனங்காட்டான் சொல்லித் தரணுமா? போ உள்ள."

திங்கட்கிழமை காலை முதலாளி வெள்ளைச் சட்டையும் சரிகை அங்கவஸ்திரமுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தார். பிட்டர் என் பக்கத்தில். மீன் எண்ணெய் நாற்றம் அவனுக்கு வித்தியாசமாகப் பட்டிருக்காது. எங்கள் தெருவே அப்படித்தான் நாறும், நானும் அப்படித்தான். கடைத்தெருவைத் தவிர்த்து ஒதுக்குப்புறமாக வந்தோம், பிரேக்கைத் தொட வேண்டி வரவில்லை. உப்பளத்துப் பாதையில் வண்டியை விரட்டினேன். எதிரே பாதை திரும்புகிற இடத்தில் உப்பு மலைபோல் குவிந்திருந்தது. "இப்ப மிதிங்க" என்றான். மிதித்தேன். மிதி கல்லாக நின்றது. வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினேன். வழுக்கிக்கொண்டே போய் உப்புக் குவியலுக்குள் பாதி உடம்பைச் சொருகிக்கொண்டுதான் நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஆனால் முதலாளியின் வாய், மூக்கு, அங்கவஸ்திரம் எல்லாம் உப்பு. அளத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். "மீனை உப்புல போடுவாங்க, மோட்டாரையுமா போடுவாங்க?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

பிட்டர் ஒரு பின்சக்கரத்தைக் கழற்றினான். டிரம்மை உருவி விரலால் தொட்டான். முகர்ந்தான். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவன் வாயைத் திறந்தால் என்னை நாலு பேர் முன்னால் நாற அடிக்கலாம். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் போனான்.

"என் தப்பு முதலாளி. பட்டை சரியா உக்காரல. நான் பாத்திருக்கணும்."

"நல்லாப் பாத்தலே! என் பஸ்ஸுல நாப்பது உசிரு போகும். நீ கொழும்புக்கே போ" என்று சொல்லிவிட்டு, அவர் துப்பிக்கொண்டே நடந்துபோய்விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. யாரையும் எதிலும் விட்டுவைக்காத என் வாய் அன்றைக்கென்று பூட்டிக்கொண்டது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் கலைந்தபின் அவனிடம், "ஏன்லே அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க டாக்சி ஓட்டிப் பிழைக்கிய. பிரேக்குல எண்ணெயைத் தடவுனவர்னு தெரிஞ்சா உங்க வண்டியில எவன் ஏறுவான்? எனக்கு இன்னும் பேரே வரல. கெடுகதுக்கு என்ன இருக்கு?" என்றான். அதற்குப்பின் ஒரு வார்த்தைதான் சொன்னான், அதையும் மெதுவாக. "தோணி வழுக்கிட்டுப் போகணும், அதுக்கு எண்ணெய் சரி. பிரேக்கு பிடிக்கணும் அண்ணாச்சி. அது வறட்டு உடம்பாத்தான் இருக்கணும்."

எண்ணெய் குடித்த பட்டைகளைக் கழுவினாலும் வாட்டினாலும் நம்ப முடியாது என்று எல்லாவற்றையும் தூக்கி எறிந்தான். இன்ஸ்பெக்டர் கொடுத்த தவணைக்கு ஆறு நாள் இருந்தது. மறுபடியும் டிஸ்போசல் சாமான்களைக் கிளறி, கிடைத்த பட்டையை அளந்து வெட்டி, செப்பு ஆணி அடித்து ஒவ்வொன்றாகப் பதித்தான். டிரம்முக்குள் சுண்ணாம்பைப் பூசி, அதில் பட்டையைத் தேய்த்துப் பார்ப்பான். எங்கே படவில்லையோ அங்கே அரத்தால் ஒரு இழுப்பு, மறுபடி பார்ப்பான். பட்டை முழுக்க ஒரே மாதிரிச் சுண்ணாம்பு ஒட்டும்வரை விடவில்லை. எனக்காகப் பொய் சொன்னவன், என் தப்பால் வந்த வேலையை முதல் வேலையைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தான். முகத்தில் ஒரு கடுகடுப்புக் கிடையாது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சோறு இறங்கவில்லை.

"வாய் இருக்குல்லா? போய் முதலாளிகிட்டச் சொல்லுங்க" என்றாள் என் மனைவி. சொல்கிறேன் சொல்கிறேன் என்று ஆறு நாளையும் ஓட்டினேன்.

சோதனை நாளில் மைதானத்தில் ஏழெட்டு டாக்சிகள். முதலாளியும் தம் பஸ்களுக்குக் கூடுதல் தவணை கேட்க வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். முப்பது மைல் வேகத்தில் வந்து, அவர் கையைத் தட்டியதும் மிதித்தேன். நாலு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. வண்டி ஒரு பக்கமும் கோணாமல், கோட்டுக்கு இரண்டு கஜம் முன்னாலேயே நின்றது. எங்கள் பின்னால் வந்த புழுதி எங்களைத் தாண்டிப் போயிற்று. இன்ஸ்பெக்டர் கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இறங்கிக் குனிந்து குழாய்களையெல்லாம் பார்த்தார். "யார் செஞ்சது?" என்றார். பிட்டர் முன்னால் வந்தான். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"அவசரப்படாதீங்க சார்" என்றார் முதலாளி. "போன வாரம் இதே வண்டியை உப்புல கொண்டு சொருகினான். அவனே ஒத்துக்கிட்டான்."

பேனா நின்றது. "என்னப்பா, நிஜமா?"

"ஆமா சார். பட்டை சரியா உக்காரல. என் தப்பு."

"அன்னைக்கு உக்காராதது நாளைக்கு உக்காரும்னு நான் எப்படி நம்புறது?" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

நான் பிட்டரைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. கொழும்புக்குப் போகத் தயாராகிவிட்டவனைப் போல் நின்றான்.

"பொய் சொல்லுதான் சார்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. அவனுக்குத் தெரியாம டிரம்முக்குள்ள சுறா எண்ணெயைத் தேச்சது நான்தான். துருப்பிடிச்சிரும்னு."

மைதானம் முழுக்கச் சிரிப்பு. டாக்சிக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"வண்டி பாஸ். உம்ம லைசென்ஸைக் கொடும். ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும். பிரேக்குக்கு எண்ணெய் தேய்க்கிறவர் அதுவரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம்."

கொடுத்தேன். முதலாளி பிட்டரிடம் போய்த் தொண்டையைக் கனைத்தார். "ஏலே, நாளைக்குக் காலையில ஒரு பஸ் வரும். அது முடிஞ்சதும் அடுத்தது" என்றார். மன்னிப்புக் கேட்டதாக அவர் நினைத்திருக்கலாம்.

என் காரை அவன்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தான். நான் வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அதன் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கடைத்தெருவில் வழக்கம்போல வண்டிக்காரர்கள் ஓரம் கட்டினார்கள். அவன் மெல்ல மிதித்து, ஒரு உப்பு வண்டிக்கு வழிவிட்டு நின்றான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது.

"ஏன் அண்ணாச்சி சொன்னிய? இனி எவன் உங்க வண்டியில ஏறுவான்? நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே."

"அது தெரியும்லே," என்றேன். "சாகுற வரைக்கும் நீ சொல்ல மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

உப்பு வண்டி கடந்து போனதும் அவன் வண்டியை எடுத்தான்.